ஏழு புள்ளி நான்கு

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
சதுப்பு நிலங்களைப் பற்றி மட்டும் பேசும் ஆய்விதழ் இது,
உலகம் முழுக்க முந்நூறு பேர் படிக்கலாம்.
ஆசிரியர் நான்.
சம்பளம் இல்லை; ஓர் அறையும்
சீழ்க்கை அடிக்கும் ஒரு கெட்டிலும் உண்டு.

மென்பொருளுக்குள் போய்வந்த கட்டுரை
சிவந்து திரும்பியிருந்தது.
முப்பத்தொரு சதவீதம்.
சதவீதத்தை நான் நம்புவதில்லை.
நூற்பட்டியல் எப்போதும் சிவக்கும்.
"மாதிரிகள் நான்கு டிகிரியில் வைக்கப்பட்டன":
இதை எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம்,
பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு போல
யாருக்கும் சொந்தமில்லாத வாக்கியம்.

ஆனால் நான்காம் பக்கம்.

"பாசி தன் இறந்த உடலின் மேல்
ஏறி நின்று வளர்கிறது."
இந்த வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தவள் நான்.
அன்று அடுப்பில் பீட்ரூட் தீய்ந்து
பாத்திரத்தையே தூக்கி எறிந்தேன்.
பத்தியும் என்னுடையது, அரைப்புள்ளி உட்பட.
அதன் கீழே,
சதுப்பின் ஆழம்: ஏழு புள்ளி நான்கு மீட்டர்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

ஹாலிக்சோ சதுப்பில் அன்று என் துளைக்கோல் இறங்கியது
நான்கு புள்ளி ஏழு.
தட்டச்சில் எண்கள் இடம் மாறின.
அச்சான பிறகுதான் கண்ணில் பட்டது.
பதினோரு வருடம் யாரும் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.
இப்போது அது
லாத்வியாவில், குர்செமேயின் ஏதோ ஒரு சதுப்பில்
வேறொருவர் பூட்ஸ் நனைய அளந்ததாக
என் மேசைக்கே வந்திருக்கிறது,
திருடிய பெட்டிக்குள் பழைய வீட்டுக் கரப்பான்.

வாக்கியம் போனால் மேற்கோள் குறி எங்கே என்று கேட்கலாம்.
எண் போனால்?
அந்த ஆழத்தில் சதுப்பு எங்கும் இருக்கலாம், தற்செயல் என்பார்.
இது களவு என்று காட்ட
இந்த எண் எங்குமே இருந்ததில்லை என்று
நான்தான் சொல்ல வேண்டும்.

என் கட்டுரை என்பதால் நான் விசாரிக்கக் கூடாது.
கோப்பு ஹெல்சின்கிக்குப் போனது,
இணையாசிரியர் ஒய்லியிடம், என் பிழையையும் சேர்த்து.
அவள் அனுப்பிய கடிதத்தில் 'திருட்டு' இல்லை.
'ஒற்றுமை' என்றிருந்தது.
'தங்கள் விளக்கத்தை எதிர்பார்க்கிறோம்' என்றிருந்தது.
இருபத்தொரு நாள் தவணை.

பத்தொன்பதாம் நாள் குன்தார்ஸ் எழுதினார்:
"ஆங்கிலம் எனக்குக் கைவராது.
அந்தப் பத்தி அழகாக இருந்தது;
மாற்றினால் கெட்டுவிடும் என்று பயந்தேன்.
ஆழம் அளக்கப் போக
அந்த வருடம் பணம் வரவில்லை."

அழகாக இருந்தது.
ஒரு நொடி, ஒரே நொடி, மனம் குளிர்ந்ததை
எந்தக் கோப்பில் சேர்ப்பது?

கட்டுரை நிராகரிக்கப்பட்டது.
அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒய்லி எழுதினாள்.
மார்ச் இதழின் கடைசிப் பக்கத்தில்,
விளம்பரத்துக்கும் சந்தா விவரத்துக்கும் நடுவே
பொடி எழுத்தில் நான் எழுதினேன்:
'அட்டவணை இரண்டில் ஏழு புள்ளி நான்கு என்பதை
நான்கு புள்ளி ஏழு எனத் திருத்தி வாசிக்கவும்.
தவறுக்கு ஆசிரியர் வருந்துகிறார்.'
எழுதிய ஆசிரியரா, இதழின் ஆசிரியரா?
ஒரே சொல்லுக்குள் இருவரும் ஒளிந்துகொள்ளலாம்.

அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

நேற்று கால்வேயிலிருந்து ஓர்லா என்றொருத்தி.
முன்பின் தெரியாதவள்.
"உங்கள் ஏழு புள்ளி நான்கை நம்பி
மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன்.
பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் முறைப்படி கொடுத்திருக்கிறேன்.
எப்போது தெரியும் உங்களுக்கு?"

கெட்டில் சீழ்க்கை அடிக்கிறது.
எழுந்து போய் அணைக்கவில்லை இன்னும்.