மேலதிகக் கால்

கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று
மூன்று வருடமாய் ஒற்றைக்காலில் நிற்கிறான் மரியநேசன்.
மற்றது ஜெய்ப்பூர்க் கால்.
கழற்றி மாட்டலாம்.

அவன் ஆமர் வீதிச் சந்தியில் லொத்தர் விற்கிறான்.
நான் புளூமெண்டால் பக்கத்து ஒழுங்கையில்
சில்லுக் கதிரையில் இருந்தபடி
பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறேன்.
அவனுக்கொரு கொடுப்பனவு, எனக்கொன்று.
தபால் கந்தோர் வரிசையில்
அவன் நிற்க நான் இருக்க
அப்படித்தான் பழக்கம்.

பிரதேச செயலகத்தில் போய்க் கேட்டேன்,
யாரோ ஒரு சிநேகிதிக்காகக் கேட்பதுபோல.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்.
எழுத்து முடிந்தால் ஒரு குடும்பம்.
ஒரு குடும்பமென்றால் ஒரு வருமானம்.
அவருடைய லொத்தர்க் காசையும்
உங்களுடைய தையல் காசையும் கூட்டினால்
கோட்டுக்கு மேலே போய்விடுவீர்கள்,
சிநேகிதியிடம் சொல்லுங்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக
நாங்கள் கோட்டுக்கு மேலே.

ஒரே அடுப்பா, ரெண்டு அடுப்பா,
அதைத்தான் பார்ப்பார்கள் என்றாள்
குரலைத் தாழ்த்தி.

அதனால் இரண்டு அடுப்பு.
சோறு அவனுடைய அறையில் வேகும்,
சாளைக் குழம்பு என்னுடையதில் கொதிக்கும்.
ஏழு மணிக்குச் சோற்றுச் சட்டியோடு
ஒழுங்கையைக் கடந்து வருவான்.
பத்து மணிக்குத் திரும்பிப் போய்விடுவான்.
அனேகமாய்.

போன செவ்வாய் விடிய
சொல்லாமல் கொள்ளாமல் கிராம சேவகர் வந்தார்.
நேசன் குளியலறைக்குள் பாய்ந்தான்.
கால் பாயவில்லை.
சுவரோடு சாய்ந்து நின்றது,
ஒன்பதாம் நம்பர் ஆண் செருப்போடு.

யாருடையது இது?

என்னுடையது ஐயா, மேலதிகம்
என்றேன்,
இரண்டு காலும் உள்ளவள்,
இரண்டும் அசையாதவள்.

சேனக மாத்தயா குளியலறைக் கதவைப் பார்த்தார்.
உள்ளே ஒரு வாளி உருண்டது.
பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார்.
தனி ஆள் என்ற கட்டத்தில் சரி போட்டார்.
எழும்பிப் போகையில்
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
வார மாசம் வேற ஆள் வரும், மிஸ்.
கால் வீட்டுக்குப் போகச் சொல்லு.

நேசன் வெளியே வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.
சுவரைப் பிடித்துக்கொண்டு,
ஈரச் சாரத்தோடு,
வழக்கமான அதே கேள்வியைத்தான் கேட்டான்.

நான் காலை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன்.
செருப்பு வார் விட்டிருந்தது.
ஊசியில் நூல் மிச்சம் இருந்தது.
இரு
என்றேன்.