முந்நூற்று நாற்பது

முதல் வரிசைக்கு நாற்பது பிரம்பு நாற்காலி.
மூங்கிலில் கோத்துத் தோளில் ஏற்றி
மரப்பாலம் தாண்டிக் கொண்டுவர வேண்டும்,
ஒரு காலும் பலகையில் உரசக் கூடாது.
அதற்குப் பின்னே நூறு, முதுகு மட்டும் மரம்.
அதற்கும் பின்னே இருநூறு மடக்கு நாற்காலி,
விரலைக் கடிக்கும் இரும்பு.
அதற்கும் பின்னே கயிறு.
கயிற்றுக்குப் பின்னே நின்று பார்க்கலாம், காசில்லை.

ரங்கூன் ராயல் ஏரியின் நடுவே
கைக்குட்டை அகலத்தில் அந்தத் தீவு.
புல்வெளி, ஒரு எண்கோண மேடை,
ஞாயிறு மாலைகளில் மேடையில்
பித்தளைக் குழல்கள் வெயில் காயும்.
நான் சிங்காரவேலு மேஸ்திரியின் ஆள்.
எண்ணுவது என் வேலை.
சங்கீதம் தெரியாது.
கை தட்டினால் முடிந்தது என்று தெரியும்.

ராஜா பட்டமேறிய நாள் அந்த வருஷம்
வைகாசி வெக்கையில் வந்து விழுந்தது.
காலையிலேயே அணிவகுப்பு.
பாலத்தில் கால்வைக்கக் குதிரைகள் மறுத்துவிட்டன,
பலகை இடுக்கில் தண்ணீர் தெரிந்ததாம்.
துரைமார் இறங்கி நடந்தார்கள்,
சவாரிக்குத் தைத்த கால்சட்டையில்
தொடை தொடையோடு ஒட்டாமல், வாத்து நடை.
கயிற்றுக்குப் பின்னே ஒருவரும் சிரிக்கவில்லை.
கன்னத்தில் தனகா பூசிய ஒரு குழந்தை மட்டும்
குதிரை எங்கே என்று பர்மியில் கேட்டது.
அம்மா அதன் வாயில் ஒரு வேர்க்கடலையைப் போட்டாள்.

தீவு சின்னது, பட்டாளம் பெரிது.
மூன்றாம் சுற்றில்
அணியின் தலை தன் வாலையே போய் முட்டியது.
யார் யாருக்குப் பின்னால் என்பதில்
கொடி பிடித்தவனுக்கே சந்தேகம்.
முரசுக்காரன் நின்ற இடத்திலேயே நடந்தான்.

பதினொன்றரைக்கு மழை.

ரங்கூன் மழை வாசலில் நின்று குரல் கொடுக்காது,
நேரே அடுக்களைக்குள் நுழைந்துவிடும் உறவுக்காரி.
தொப்பி இறகுகள் நனைந்த கோழியாயின.
பெரிய ஊதுகுழலைக் குடம்போல் கவிழ்த்து
ஒருவன் தண்ணீரைக் கொட்டினான்.
பாலம் முழுக்கக் குடைகள்,
பிறகு பாலம் காலி.
நாங்கள் ஏழு பேரும் நாற்காலிகளும் நனைந்தோம்.

எண்ணினேன். முந்நூற்று முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
"இரும்பு ஒண்ணு ஒன்றரை ரூபாய்,
உன் கூலி எட்டணா" என்றார் மேஸ்திரி,
"மிச்சக் கணக்கை நீயே போடு."

தீவின் பின்பக்கம், மூங்கில் புதருக்கு அப்பால்,
முழங்கால் தண்ணீரில் நின்றது நாற்காலி.
அதில் ஒரு பேண்டுக்காரன்.
பூட்ஸ் இரண்டும் கழுத்தில் தொங்க,
கிளாரினெட்டைத் தொப்பியால் மூடி மடியில் வைத்து,
குழந்தையை மழைக்கு ஒதுக்கியவன் மாதிரி.
"முடிஞ்சிட்டாலே?" என்றான் என்னைப் பார்த்து.
பாளையங்கோட்டைக்காரன். பெயர் தொம்மை.
பன்னிரண்டு வருஷமாய் ஊதுகிறானாம்.
"நடந்துக்கிட்டு ஊதியாச்சு, நின்னுக்கிட்டு ஊதியாச்சு.
உக்காந்து கேட்டா எப்படியிருக்கும்னு
ஒருநாள் பார்க்கணும்லா."
மழையில் ஏது பாட்டு என்றேன்.
"அதாம்லே. பாட்டு இல்லாதப்பத்தான் எனக்கு லீவு."

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"தண்ணி குளிருது" என்றான்.

எதிரே ஏரிக்குள் பகோடா
தலைகீழாய்ப் பொன்பொன்னாய் உடைந்து
ஒட்டிக்கொண்டு, திரும்ப உடைந்தது.
அஞ்சு நிமிஷம் என்றான் தொம்மை.
என்னிடம் கடிகாரம் கிடையாது.
வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் நின்று
முந்நூறு எண்ணினேன்.
பிறகு, யார் கேட்கப் போகிறார்கள்,
முந்நூற்று நாற்பது வரை எண்ணினேன்.

"எங்கே கிடந்தது?" மேஸ்திரி கேட்டார்.
காற்று கொண்டுபோயிருந்தது என்றேன்.
ஏரியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்,
கால்களில் அப்பியிருந்த சேற்றையும்
என் கால்களில் அதே சேற்றையும் பார்த்தார்.
காற்று இரும்பைத் தூக்குமா என்று கேட்கவில்லை.
இரண்டணா பிடித்துக்கொண்டார்.