ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே

முதலாவது போனது ஒரு புயல் வாரத்தில்.
கோயில் மாடியில் மறந்து வைத்துவிட்டேன்.
நாலு நாள் கரண்ட் இல்லை, மழை சாய்ந்தடித்தது.
எடுத்துப் பார்த்தபோது
வயிறு உப்பி, கழுத்து வளைந்து,
கம்பிகளைத் தாங்கும் கட்டை பசை விட்டுக் கிடந்தது.

இரண்டாவது பார்சலில் வந்தது.
அதே கம்பெனி, அதே மாடல் எண்,
அதே தேன் நிறம்.
"அக்கா, கனமே இல்லையே" என்றான் கூரியர் பையன்.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழு மாதம்.
ஐந்தாம் கட்டையில் தகரம் அதிரும்.
எஃப் பிடித்தால் இரண்டாம் கம்பி ஊமை.
கம்பி மாற்றினேன். எலும்பைத் தேய்த்தேன்.
கழுத்துக்குள் ஓடும் இரும்பைக் கால் சுற்று திருகி
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
"கை பழகணும்" என்றார் பாடகர்குழு ரொசாரியோ.
"புதுசுன்னா அப்படித்தான், நாமதான் அனுசரிக்கணும்" என்றாள் அண்ணி.
இருவரும் கிட்டாரைப் பற்றித்தான் பேசினார்களா
என்று எனக்குச் சந்தேகம்.

படுமோசமாக இருந்திருந்தால்
அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.
இது கிட்டத்தட்ட இருந்தது.
கிட்டத்தட்டவோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம்.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் இறங்கிய வாரம்
சீட்டுப் பணம் கைக்கு வந்தது. பதினாறாயிரம்.
ராமநாதபுரத்தில் சீனி பாய் கடை,
பள்ளிக்கூட பேண்டு டிரம்களுக்குப் பின்னால்
சுவரில் மூன்று.
ஒன்று கறுப்பாக மினுங்கியது, தோளில் வெட்டு,
சொருகினால் பாடுமாம்.
ஒன்று செம்மரம்.
ஒன்றின் மேல்பலகை வெளிறியிருந்தது, துளை ஓரம் ஒரு கீறல்.
"அது என் மகன் வாசிச்சுப் பார்த்தது" என்றார், மன்னிப்புப் போல.

ஃபேனை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்.
பன்னிரண்டாம் கட்டையில் கம்பிக்கு அடியில்
ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பார்த்தேன்.
துளைக்குள் மூக்கை வைத்தேன்.
மூன்றும் நன்றாகத்தான் இருந்தன.
போன தடவையும் முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது.
விரல்கள் வெட்கமில்லாமல் பழையதையே தேடின.

பிறகுதான் உறைத்தது எது குறைகிறதென்று.
பதினொரு வருஷமாய்ப் பாம்பன் ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் இரைய
இந்தப் பக்கம் வாசிப்பேன்.
அதன் சுருதி ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே.
எந்தக் கருவியும் அதோடு ஒத்துப்போகாது.
சண்டை போடாமல் இருந்தால் போதும்.

ஃபோன் போட்டேன்.
"இன்னாசியண்ணே, மெஷின்கிட்ட செல்லைப் பிடிங்க."
"என்னம்மா, சத்தம் மாறிருச்சா?"
"இல்ல. சும்மா பிடிங்க."
ஸ்பீக்கரில் உடைந்து உடைந்து வந்தது,
பார் ஐஸ் சரியும் சத்தமும் சேர்ந்து.
சீனி பாய் கல்லாவை மூடிவிட்டுப் பார்த்தார்.

கறுப்பு அதை விரட்டப் பார்த்தது.
செம்மரம் அதில் கரைந்தே போனது.
கீறல் விழுந்தது மட்டும்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
தன் பாட்டுக்கு ஒலித்தது.

கீறலுக்கு ஐந்நூறு குறைத்தார்.
"எந்த ஊர்? பாம்பனா? அப்போ கம்பி ரெண்டு செட்டா எடுத்துக்கங்க,
உப்புக்காத்து தின்னுரும்."
எடுத்துக்கொண்டேன்.
பாலத்தில் பஸ் ஏறும்போது காற்று உறையைப் பிடித்து இழுத்தது.
மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.
பக்கத்தில் நண்டுக்கூடைக்காரி கேட்டாள்:
"உள்ள என்ன, புள்ளையா?"

ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து முதல் டி மேஜர்.
கையால் கம்பிகளை மூடிய பிறகும்
அறையில் ஏதோ மிச்சம் ஒலித்தது.
ஆணியில் தொங்கிய அந்த ஏழு மாதக்காரியின்
நாலாம் கம்பி, யாரும் தொடாமல்.

இத்தனை நாள் இது எங்கே போயிற்று உனக்கு?

எழுந்து போய் உள்ளங்கையை வைத்து நிறுத்தினேன்.
திரும்ப வந்து உட்கார்ந்து
மறுபடியும் டி வாசித்தேன்.