இருபத்தேழாம் கேள்வி

அஸ்தம்பட்டி வைத்தியர்
நாடி பார்ப்பதற்கு முன் ஒரு தாளை நீட்டினார்.
முப்பது கேள்வி, கட்டத்தில் டிக் போட வேண்டும்.
கண்ணாடி எடுத்து வரவில்லை என்றேன்.
அவரே வாசித்தார்.

பேர்? சௌடேஸ்வரி.
தொழில்? தட்டுவடை செட்டு, குகை முக்கில் வண்டி.
பசி தாங்குவீர்களா?
தாங்காமல்?
நான் பசிக்கும் நேரத்தில்தான் ஊருக்கும் பசிக்கிறது.
கோபம் வருமா?
யார்மேல் என்று சொல்லுங்கள், சொல்கிறேன்.
தோல் வறட்சியா, வழவழப்பா?
கையை நீட்டினேன்.
பதினொரு வருடம் பச்சைமிளகாய் அள்ளிய கை.

இருபத்தேழாவது கேள்வி கனவு.
பறக்கிறீர்களா, நெருப்பு எரிகிறதா, தண்ணீர் ஓடுகிறதா?
சில்லறை எண்ணுகிறேன் என்றேன்.
பத்து ரூபாய்த் தாளாக எண்ணி
முடியப்போகும்போது விழிப்பு வந்துவிடும்.
பேனாவைத் தாள்மேல் கொஞ்சநேரம் பிடித்திருந்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு நாடி. மூன்று விரல்.
வாதம் நடக்கிறது, பித்தம் துள்ளுகிறது, கபம் ஊர்கிறது என்றார்.
சொல்லிக்கொண்டே கண்ணைத் தேய்த்தார்.
எழுந்து ஓடினார்.
உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது.
திரும்பி வந்து, ஒரு கண் சிவக்க,
"பித்தம்தான், சந்தேகமே இல்லை."

புளி கூடாது. பூண்டு கூடாது. மாங்காய், மிளகாய்,
பொரித்தது, மொறுமொறுப்பானது எதுவும் கூடாது.
என் வண்டிப் பலகையை
மேலிருந்து கீழாகப் படிக்கிறார் என்று நினைத்தேன்.
கேரட் மட்டும் தப்பியது.
புடலை, பூசணி, பால், நெய், கொத்தமல்லி ஊறின தண்ணீர்.
ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள்.
முந்நூறு ரூபாய். பத்து செட்டு.

லிங்கப்பன் கொலுசுப் பட்டறையிலிருந்து வந்து
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அப்ப எனக்கு என்ன உடம்பு?"
"உனக்குக் கடன் உடம்பு."
சிரித்தான். நெஞ்சில் பற்றவைத்த புகை; இருமினான்.

சட்னியை ருசி பார்த்துத் துப்பப் பழகினேன்.
முதல் மூன்று நாள் உப்பு தள்ளாடியது.
அப்புறம் ஒரு பைத்தியம் பிடித்தது.
வருகிறவர்களை எல்லாம் அந்தத் தாளால் பார்த்தேன்.
காலாட்டிக்கொண்டே தின்னும் மகபூப் பாஷா வாதம்:
பச்சை வெங்காயத்தைக் குறைத்தேன், கவனிக்கவில்லை.
துணிக்கடை அம்மா கபம்,
எழுந்து போகவே மனம் வராது;
காரத்தைக் கூட்டினேன், இன்னொரு செட்டு கேட்டார்.
டியூஷன் விட்டு வரும் பையன்,
மூக்கு நுனியில் வியர்வை, வாய்க்கு முந்தும் கோபம்,
என்னைப் போலவே.
அவனுக்குக் கேரட்டை அள்ளிப் போட்டேன்.
"காரமே இல்லக்கா."
"உனக்கு அவ்வளவுதான்டா."
மறுநாள் எதிர்வண்டியில் நின்றான்.
நான் பார்ப்பதைப் பார்த்து
முதுகைக் காட்டிக்கொண்டு தின்றான்.

அன்றோடு விட்டேன். கேட்டவருக்குக் கேட்டது.

பத்தரைக்கு வண்டியைத் தள்ளினால்
தூரத்தில் ஏற்காட்டுப் பாதையில்
ஒற்றை விளக்கு வளைந்து ஏறும்.
எந்த வண்டியோ, யாருக்கு எந்த உடம்போ,
எத்தனாவது வளைவில் கவரைப் பிரிக்கிறார்களோ.

வீட்டில் புடலங்கூட்டு ஆறிப்போய் இருந்தது.
ஏழு மணி எப்போதோ போய்விட்டது.
உட்கார்ந்து தின்றேன்.
உடைந்த தட்டுவடை ஒன்று முந்தானையில் இருந்தது,
அதையும்.

அன்று ராத்திரி தண்ணீர் கேட்டது.
எங்கேயோ ஆழத்திலிருந்து, காற்று இறைத்து இறைத்து,
பிறகு கனமாக.
தூக்கத்திலேயே நினைத்தேன்,
உடம்பு மாறிவிட்டது, வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.
லிங்கப்பன் உலுக்கினான்.
ஆறு நாள் கழித்துத் தெருக்குழாயில் வந்திருந்தது.
குடத்தைத் தூக்கிக்கொண்டு
ஓடினேன்.