உப்புக் கணக்கு

ஐப்பசி பிறந்ததிலிருந்து கார்த்திகை முடிய
திசையன்விளைக்கு மேற்கே கொம்பையாவின் விளையில்
அறுநூறு மில்லிமீட்டர்.
(ஒருநாள் கிடா ஒன்று மழைமானியை முட்டிச் சாய்த்துவிட்டது.
அன்றைய அளவு பக்கத்து ஊரில் வாங்கிய கடன்.
குறிப்பில் எழுதியிருக்கிறேன்.)

இதில் எவ்வளவு கீழே போனது?
படிவத்தில் ஏழாவது கட்டம்.

ஓடியதை ஓடையில் பார்க்கலாம்.
வெயில் குடித்ததை, முருங்கை குடித்ததை
ஓரளவு ஊகிக்கலாம்.
இறங்கியது மட்டும்
யாரிடமும் சொல்லிக்கொண்டு இறங்குவதில்லை.

உப்பைத்தான் கேட்க வேண்டும்.
உவரிக் கடலிலிருந்து காற்று தூக்கிவந்து
மழையில் கரைத்த உப்பு,
லிட்டருக்கு ஆறு மில்லிகிராம், நாக்குக்கு எட்டாது.
வெயில் தண்ணீரை எடுத்துப்போகும், உப்பைத் தொடாது.
வேரும் பெரும்பாலும் அப்படியே.
மிஞ்சிய கொஞ்சத் தண்ணீர்
அத்தனை உப்பையும் சுமந்துகொண்டு
செம்மணலுக்குள் இறங்கும்,
கல்யாண வீட்டில் கடைசியாகக் கிளம்புகிறவன் தலையில்
எல்லாப் பாத்திரமும் ஏறுவதுபோல.

கிணற்றில் வாளியை விட்டேன்.
பதினொரு மீட்டர் கயிறு.
பாட்டிலில் ஊற்றும்போது நெற்றி வியர்வை
விழப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
என் உப்பு இந்தக் கணக்கில் சேராது.

பத்து நாள் கழித்து ஆய்வகம் சொன்னது: எழுபத்தைந்து.
ஆறை எழுபத்தைந்தால் வகுத்தால் நூற்றுக்கு எட்டு.
அறுநூறில் எட்டு சதவீதம்
நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.

கையால் காட்டச் சொன்னார் கொம்பையா.
விரலிடுக்கில் காட்டினேன்.
"இம்புட்டுத்தானா மேடம்?
அன்னைக்கு ஆட்டுக்கொட்டிலே மெதந்துச்சே!"

ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றேன்.
அவர் மோட்டாரைப் பார்த்தார்.
மணிக்கு இருபதாயிரம் தள்ளும்.
உதடு அசைய வகுத்தார்.
"பத்து மணி நேரம்," என்றார்,
என்னைவிட வேகமாக.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
மோட்டார் அறைச் சுவரோரம் காலிச் சாக்கு, சிவப்புத் தூள்.
"பொட்டாஷ் போட்டீங்களா?"
"முருங்கைக்கு. வருசத்துக்கு ரெண்டு மூட்டை."

பொட்டாஷும் உப்புதான்.
எழுபத்தைந்தில் எது கடல், எது மூட்டை?
மூட்டையைக் கழித்தால் வகுக்கும் எண் சிறுக்கும்,
விடை பெருகும்.
எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது.
உரம் படாத கிணறு ஒன்று தேட வேண்டும்.

"அப்பம் கூடவும் இருக்கலாம்?"
"இருக்கலாம்," என்றேன்.
பொய் சொல்லத் தெரியவில்லை.

ஏழாவது கட்டத்தில் பென்சிலால் எழுதி
வண்டியை மிதித்தேன்.
தெருமுனை திரும்புவதற்குள்
பின்னால் மோட்டார் ஓடத் தொடங்கியிருந்தது.