ஈரக்கழிவு

டிசம்பர் ஒன்று. கொளப்பள்ளி.
ஸ்டோர் வாசலில் மைக் செட் கட்டியிருந்தார்கள்.
பன்னும் டீயும் உண்டு என்று தெரிந்ததும்
மூன்றாம் டிவிஷனே இறங்கி வந்திருந்தது.

பந்தலூர் ஆஸ்பத்திரி நர்ஸ்
நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லணும் என்றார்.
வலது கையை நீட்டினோம்.
மூடுபனியில் முழங்கைக்கு அந்தப் பக்கம்
எது யாருடைய கை என்று தெரியவில்லை.

நான்
எச்.ஐ.வி. தொற்றுள்ள எவரையும்
வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும்
ஒதுக்கி வைக்க

கரண்ட் போனது.

நம் பாஷையில் இது ஒரு தொல்லை.
கடைசிச் சொல் வரும்வரை
யாரும் எதற்கும் பொறுப்பில்லை.
முந்நூறு பேர் கையை நீட்டியபடி
ஒதுக்கி வைக்க, ஒதுக்கி வைக்க என்று நின்றோம்.
நர்ஸின் வாய் அசைந்தது.
காற்று அதைச் சில்வர் ஓக் பக்கம் கொண்டுபோயிற்று.
யாரோ சிரித்தார்கள்.
டீ ஆறுது என்றது ஒரு குரல்.
கைகள் இறங்கின.

லோகமணியின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக.
அவளும்தான் உறுதி எடுத்துக்கொண்டிருந்தாள்,
யாரை ஒதுக்கி வைக்கப் போகிறாளோ அவள்.

சொல்லிவிடுகிறேன்.
மாதம் ஒருநாள் ஊட்டி பஸ்ஸுக்கு அவள் கேட்ட லீவை
செக்ரோலில் எழுதியவன் நான்.
காரணம் என்ற கட்டத்தில்
காய்ச்சல் என்று போட்டிருக்கலாம்,
கோயில் என்று போட்டிருக்கலாம்.
நம்பிச் சொன்னதை அப்படியே எழுதி
ரிஜிஸ்டரை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுச்
சாப்பிடப் போனேன்.
கை கழுவி வருவதற்குள்
லயம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் சாக்கை நான் தொட்டதில்லை.
கொக்கிதான்.
கார்டைத் தரையில் வைப்பாள்,
பென்சில் முனையால் இழுத்துக்கொள்வேன்.
மழை நாளில் எல்லோருக்கும்
ஈரக்கழிவு ஒரு கிலோ.
அவளுக்கு மூன்று.
ஏன் என்று அவள் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
எனக்கும் தெரியாது.

மறுநாள் பதினொரு மணி எடை.
தூறல்.
வரிசையில் கடைசியாக வந்து
பழக்கப்படி குனிந்தாள்.

கையில குடு, என்றேன்.

கார்டைத் தரையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.
"இருக்கட்டும் கணக்கப்பிள்ளை.
கரண்ட் இன்னும் வரல."

குனிந்து நான் எடுத்தேன். ஊறிப் போயிருந்தது அட்டை.
சாக்கை மாரோடு அணைத்துத் தூக்கித்
தராசில் மாட்டினேன்.
சட்டை முழுக்க இலைத் தண்ணீர்.
முள் ஆடி ஆடி இருபத்துமூன்றில் நின்றது.
இருபத்துமூன்று என்றேன்,
எடை முடித்துப் போனவர்களும்
திரும்பிப் பார்க்கும்படி.

எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
போகவில்லை.

ரெண்டு வருஷக் கழிவு
மொத்தம் எத்தனை கிலோ, என்று கேட்டாள்.

ரிஜிஸ்டர்ல இருக்கும், என்றேன்.

எடுங்க, என்றாள்.