பிஸ்கட் டின்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில்
மடியில் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே பிஸ்கட் இல்லை, ரசீதுகள்.
பதினெட்டாம் வளைவில் காது அடைத்தது.
ஐந்தாம் வளைவில் திறந்தது.
நடுவில் கண்டக்டர் சொன்ன எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசி மண்டிக்கு மேல்மாடி.
படியெல்லாம் வெள்ளை மாவு,
எனக்கு முன்னால் ஏறியவர்களின் செருப்பு வரிசை அதில்.
ஆடிட்டர் வெங்கோபராவ் ஊரில் இல்லை.
பூபேஷ் இருந்தான்,
இருபத்துமூன்று வயது, ஜலதோஷம்.

டின்னைத் திறந்து அடுக்கினேன்.
ஜெனிட்டாவின் கல்லூரிக் கட்டணம், இரண்டு தவணை.
அதற்கு வாங்கிய கடனின் வட்டி.
எல்.ஐ.சி.
வீட்டு வாடகை, பன்னிரண்டு கையெழுத்து,
ஒன்று மட்டும் பச்சை மையில்.
மருத்துவக் காப்பீடு, எனக்கும் மகளுக்கும்.
தனியே ரப்பர் பேண்ட் போட்டு இன்னொன்று.

"அற்புதமேரி யாரு மேடம்?"
"மாமியார்."
"மாமியார் வர மாட்டாங்க. பெத்தவங்கதான்."

தெரியும்.
ஒவ்வொரு ஜூலையும் இதே பதில்,
வேறு வேறு பையன்கள் சொல்வார்கள்.
என்னைப் பெற்றவர்கள் உயிரோடு இருந்திருந்தால்
எண்பது டி-யில் அவர்களுக்கு இடம் உண்டு.
இருப்பவளுக்கு இல்லை.
இருந்தும் கொண்டுவருவேன்,
அந்தப் பெயரை இந்த மேஜையில்
ஒருவராவது வாய்விட்டுப் படிக்கட்டும் என்று.

பூபேஷ் மூக்கைத் துடைத்துக்கொண்டு
திரையை என் பக்கம் திருப்பினான்.
"இது எதுவுமே வேணாம் மேடம். புது முறை.
நிலைக்கழிவு எழுபத்தஞ்சாயிரம், எல்லாருக்கும் ஒண்ணுதான்.
பன்னெண்டு லட்சம் வரைக்கும் தள்ளுபடி.
உங்களுக்கு வரி பூஜ்ஜியம்."

"ரசீது?"
"கேக்க மாட்டாங்க."

போன வருஷம் வரை கேட்டார்கள்.
வாடகை வீடா, வீட்டுக்காரர் பான் எண் என்ன.
பிள்ளை எத்தனை, படிக்கிறதா.
யாருக்காவது பெரிய நோயா.
ஊனமா, எத்தனை சதவீதம், சான்றிதழ் எங்கே.
தர்மம் செய்தீரா, யாருக்கு.
எரிச்சலாகத்தான் இருக்கும்.

சவரிராஜுக்கு டயாலிசிஸ் ஓடிய வருஷம்
அதற்கென்று நாற்பதாயிரம் கழித்தார்கள்.
பிப்ரவரியில்
அவரையும் கழித்தாயிற்று.
அதன்பின் உறவென்று வந்தவர்கள்
காபி குடித்துவிட்டு மேகத்தைப் பற்றிப் பேசினார்கள்.
வீட்டில் யார் யார், எதில் எவ்வளவு போகிறது என்று
வருஷத்துக்கு ஒருமுறை
உட்கார்ந்து விசாரித்தது
அந்தப் படிவம் ஒன்றுதான்.

இப்போது அதுவும் பெருந்தன்மையாகிவிட்டது.
நீ யாராயிருந்தால் என்ன,
எழுபத்தைந்தாயிரம் எடுத்துக்கொள், போ.

ஒன்பது நிமிஷம். ஓ.டி.பி. சொன்னேன்.
முடிந்தது.

சந்தோஷமில்லையா என்றால் சந்தோஷம்தான்.
போன வருஷம் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்
கட்டினவள் நான்.
சொச்சம்கூட நினைவிருக்கிறது, நூற்றுப் பத்து.
படியிறங்கும்போதே செலவு செய்துவிட்டேன் மனசுக்குள்,
கீஸரில் தொடங்கி,
கடைசியில் ஐந்து ரோட்டுக்கு ஆட்டோ ஏறினேன்.

காது மெஷின் கடையில் ஏ.சி. அதிகம்.
காதை அளக்க அடுத்த சனிக்கிழமை அழைத்து வரவேண்டும்,
இன்றைக்கு முன்பணம் ஐயாயிரம்.
"பில் யார் பேருக்கு?"
சொன்னேன்.
'அற்புத மாரி' என்று எழுதினான்.
அடித்துத் திருத்தச் சொன்னேன். திருத்தினான்.
"உங்களுக்கு என்ன வேணும் அவங்க?"
"எதுக்கு?"
"சும்மா கேட்டேன் மேடம்."

சும்மா கேட்டான்.

"வரிக்குக் காட்டணும்னா
சீல் போட்டுத் தரேன், வேணுமா?"
வேண்டாம் என்று வாய்வரை வந்தது.
"போடுங்க," என்றேன்.

ஊதா சீல். சற்றே சாய்ந்து.
டின்னில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.
கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
மை காயட்டும் என்று
மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.